பேச்சியம்மாள் மிஸி தண்ணீர் குடிப்பதில்லை

பாசிர் கூடாங் பக்கம் ஒரு சின்ன அரசாங்கக் கிளினிக்கில் நான் வேன் ஓட்டுகிறேன். பெயர் செல்வா. எந்தக் கிளினிக் என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே மேலிடத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, என்னப்பா இப்படிப் பேசிவிட்டாய் என்பார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். என் மனைவி அதை நேரம் பார்த்துச் சொல்வாள், என் ரத்த அழுத்தம் நேரம் பார்க்காமல் சொல்லும். ஆனால் பேச்சியம்மாளோடு வேலை பார்த்தும் ஒருவனுக்குக் கோபம் வரவில்லை என்றால், அவனைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பேச்சியம்மாள் எங்கள் கிளினிக்கின் மிஸி, அதாவது நர்ஸ்; எங்களுக்குப் பேச்சிக்கா. தாய் சேய் அறை அவருடையது. கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, எடை பார்ப்பது, பால் கட்டிக்கொண்டு அழுகிற தாய்க்குத் தைரியம் சொல்வது, பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது, எல்லாம் அவர்தான். வீடு வீடாகப் போகும்போது வேன் ஓட்டுவது நான். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. ஆறிப்போன நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வீடு வருவதற்குள் இரண்டு வாய் சாப்பிட வேண்டும், கொஞ்சம் மெதுவாகப் போ என்று என்னைக் கெஞ்சுகிற மனுஷி அவர். மெதுவாகப் போனால், நேரமாகிவிட்டது என்று அதற்கும் திட்டுவார்.

முன்பு அந்த அறையில் இரண்டு மிஸிகள் இருந்தார்கள். இன்னொருவர் ஷாமளா. நல்ல பெண், வேலையில் கெட்டி. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனை கூப்பிட்டது, போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே வாங்குகிற சம்பளத்தை அங்கே போய்க் கேட்டால் சிரிப்பார்கள். ஜொகூரில் யார் வீட்டில்தான் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிற ஆள் இல்லை? கடைசி நாளில் ஷாமளா அழுதாள். பேச்சிக்காதான் அவள் முதுகைத் தட்டி, நீ தைரியமாகப் போ, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சை அரசாங்கம் சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டும். ஷாமளாவின் நாற்காலி காலியாகவே கிடந்தது. மேலிடத்துக்கு அதில் என்ன அவசரம்? அதுதான் ஒருவர் பார்த்துக்கொள்கிறாரே.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். அறையில் ஒரே ஆள். வெளியே பெஞ்சு நிறையத் தாய்மார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த புருஷன், தூங்கப் போகாமல் மனைவியையும் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவான். இவர்களை விட்டுவிட்டுக் கழிவறைக்குப் போக பேச்சிக்காவுக்கு மனசு வராது. கதவைத் திறந்து வெளியே வந்தாலே எல்லாத் தலையும் திரும்பும், ஒரு பிள்ளை அழ ஆரம்பிக்கும், இவர் திரும்பிப் போய்விடுவார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் தண்ணீரை நிறுத்துவது. குடித்தால்தானே போக வேண்டும்? காலையில் வீட்டில் ஒரு கோப்பி, அதோடு சரி. மத்தியானம் கூட்டம் ஓயும் வரை ஒரு சொட்டு கிடையாது.

இதே மனுஷி அறைக்குள்ளே வருகிற ஒவ்வொரு தாயிடமும், தண்ணீர் நிறையக் குடி, சிறுநீரை அடக்காதே, கிருமி பிடித்துக்கொள்ளும் என்று மூன்று மொழியில் பாடம் நடத்துவார். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லிக்காவது தண்ணீர் கிடைத்தது. இவருக்குக் கிருமிதான் கிடைத்தது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு அடிக்கடி. காய்ச்சல் வரும், மாத்திரை போடுவார், மறுநாள் வந்து நிற்பார். இப்படியே போனால் சிறுநீரகத்தில் கை வைத்துவிடும் என்று எங்கள் டாக்டர் அவரிடம் சொன்னார். அவர் கேட்காததால் என்னிடமும் சொன்னார். நான் சொன்னால் மட்டும் கேட்டுவிடுவாரா? அவருடைய புருஷன் மனோகரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அவ்வளவு பெரிய கொள்கலனைத் தூக்கி வைப்பார். இவரை ஒரு நாள் லீவு போட வைக்க அவராலும் முடியவில்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் காலி நாற்காலியில் இன்னொரு மிஸி. அது நடக்காவிட்டால் இந்த அறையில் இரண்டு நாற்காலியும் காலியாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மேலிடம் அசைந்தது. கவுண்ட்டரிலும் வார்டிலும் மக்களை நேருக்கு நேர் பார்க்கிற அரசாங்க ஊழியர்களின் நலனைப் பற்றி அப்போதுதான் அவர்களுக்கும் கவலை வந்திருந்தது. புவான் ரொஹானி என்று ஓர் அதிகாரி கிளினிக் கிளினிக்காகப் போய்ப் பார்க்கிறார், எங்கே கூட்டம் தாங்கவில்லையோ அங்கே ஆள் கொடுப்பார், நம்மிடம் புதன்கிழமை வருகிறார் என்று டாக்டர் சொன்னபோது நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். புதன்கிழமை எங்களுக்கு ஊசி போடும் நாள். கிளினிக் அன்றைக்கு மீன் பசார் மாதிரி இருக்கும். வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பேச்சிக்கா எல்லாரையும் வேலை வாங்கினார். தரையைக் கழுவினோம். ஜன்னல் துடைத்தோம். பதிவு கவுண்ட்டரில் இருக்கும் ஜைத்தோன் தன் வீட்டிலிருந்து பூந்தொட்டி கொண்டுவந்தாள். சுவரில் கிழிந்து தொங்கிய தாய்ப்பால் போஸ்டரை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினோம். நானும்தான் ஏணியில் ஏறி விசிறியின் தூசியைத் தட்டினேன். பெரிய அதிகாரி வந்தால் எந்த ஆபீசிலும் செய்கிறதுதானே என்று எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தில் ஆளே இல்லை. பெஞ்சுகள் வரிசையாக, பளபளப்பாக, காலியாக இருந்தன. ஓர் ஓரத்தில் ஒரே ஒரு தாய், தூங்குகிற பிள்ளையோடு, படத்தில் வருகிறவள் மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தாள். ஜைத்தோனிடம் கேட்டேன். மிஸி தாய்மார்களின் வாட்ஸாப் குரூப்பில் குரல் பதிவு போட்டிருக்கிறார்: நாளைக்குப் பெரிய ஆள் வருகிறார், யாரும் வர வேண்டாம், எல்லாரும் வியாழக்கிழமை வாருங்கள். தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று, தெரிந்த கொஞ்சம் சீனத்தில் ஒன்று.

நான் தலையில் அடித்துக்கொண்டு அறைக்குள்ளே ஓடினேன். பேச்சிக்கா இஸ்திரி போட்ட யூனிபோர்மில், வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த உளுந்து வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் எங்கே என்று அவர்கள் பார்க்கத்தானே வருகிறார்கள், நீங்கள் கூட்டத்தையே அனுப்பிவிட்டீர்களே என்று கத்தினேன். அவருக்கு நான் சொன்னது புரியவே இல்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது வீடு அலங்கோலமாகவா கிடக்கும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

புவான் ரொஹானி வந்தார். நல்ல மனுஷி, அலட்டல் இல்லாதவர். சுற்றிப் பார்த்தார். பூந்தொட்டியைப் பார்த்தார், தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார், வடை சாப்பிட்டார். இன்னொரு வடையும் சாப்பிட்டார். தனியாகச் சமாளிக்க முடிகிறதா என்று பேச்சிக்காவிடம் கேட்டார். நான் பின்னால் நின்று, முடியவில்லை என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பேச்சிக்கா புன்னகையோடு, "போலே, புவான்" என்றார். முடியும், அம்மா. அவ்வளவுதான். வேலை முடிந்தது. புவான் ரொஹானி கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மறுநாள் வியாழக்கிழமை. புதன்கிழமைக் கூட்டமும் வியாழக்கிழமைக் கூட்டமும் சேர்ந்து வாசலைத் தாண்டி மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வரை நின்றது. பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன. ஒரு புருஷன் கவுண்ட்டரில் கத்தினான், நான் அவனிடம் கத்தினேன், ஜைத்தோன் எங்கள் இரண்டு பேரிடமும் கத்தினாள். பேச்சிக்கா சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. வேனில் ஏறியபோது அவர் உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். இன்னும் ஒரு வீடு போக வேண்டும், அவர்கள் வீட்டில் கழிவறை கேட்கக் கூச்சமாக இருக்கும் என்று வாங்க மறுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. எங்கள் கிளினிக் நல்ல நிலையில், அமைதியாக இருக்கிறதாம். ஆள் வேறு இடத்துக்குப் போகிறது. எங்களுக்கு ஆளுக்குப் பதிலாக ஒரு கோர்ஸ். டாயா தஹான் கோர்ஸ் என்று பெயர். எவ்வளவு அடித்தாலும் தாங்குகிற சக்தி என்று அர்த்தம். அடிப்பதை நிறுத்துவது பற்றி அந்தக் கோர்ஸில் ஒரு வார்த்தை கிடையாது.

அதையும் சனிக்கிழமையில் வைத்தார்கள். ஓய்வு நாளில் எங்களைக் கூப்பிட்டு, ஓய்வு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு ஹோட்டல் கூடம், உடம்பு விறைக்கிற குளிர். காதில் மைக் மாட்டிய ஒரு வாலிபன் மேடையில் இங்கும் அங்கும் நடந்தான். கண்ணை மூடுங்கள், கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள், மூச்சை மெல்ல இழுங்கள் என்றான். நான் கடற்கரையை நினைத்தேன். பாசிர் கூடாங்கில் கடற்கரை என்றால் எண்ணெய்க் கப்பல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பேச்சிக்கா கண்ணை மூடிய உடனே தூங்கிவிட்டார். தலை தொங்கி, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். அந்த வாலிபன் அவரைக் காட்டி, பாருங்கள், மனத்தைத் தளர்த்துவது என்றால் இதுதான் என்றான். கூடமே கை தட்டியது. சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்த பேச்சிக்கா, அடுத்தவங்க வாங்க என்றார்.

எல்லாருக்கும் பிசைந்து கோபத்தைக் குறைக்க ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். என் பந்து அன்று சாயங்காலமே கிழிந்தது. பேச்சிக்கா தன்னுடையதை ஊசி போட்டு அழுகிற பிள்ளைகளுக்கு விளையாட வைத்தார். உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

கூத்து அதோடு முடியவில்லை. அந்த வட்டாரத்திலேயே சிறந்த டாயா தஹான் கிளினிக் என்று எங்களுக்கு ஒரு கேடயம் அறிவித்தார்கள். அதைக் கொடுக்க புவான் ரொஹானியே மறுபடியும் வருகிறார், அதுவும் ஒரு புதன்கிழமை என்று செய்தி வந்தது. பேச்சிக்காவுக்கு அப்போது மறுபடியும் காய்ச்சல். செய்தி வந்த அன்று நாங்கள் ஒரு குழந்தை வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் கைப்பேசியை எடுத்து, வாட்ஸாப் குரூப்பைத் திறந்து, வாயருகே கொண்டுபோனார். நான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"அக்கா, அந்தப் போன கீழ வைங்க."

"ஏன் வண்டிய நிறுத்துன? நேரமாச்சு லா."

"திரும்பவும் எல்லாரையும் வராதீங்கன்னு சொல்லப் போறீங்க. அதானே?"

அவர் கைப்பேசியை மடியில் இறக்கினார். நான் வேனை எடுக்கவில்லை. தான் பிறந்த எஸ்டேட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆயர் ஈத்தாம் பக்கம், செம்பனைக்கு நடுவே வரிசை வீடுகளாய் ஒரு லயம். குலசாமி பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் மேனேஜரை அப்போதும் துரை என்றுதான் சொல்வார்களாம். துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் அவருடைய அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார், பிள்ளைகளைக் குளிக்க வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி எப்போதும் இருக்கும். அன்றைக்கு அம்மா அந்த வாளியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிடுவார். அழுக்காக இருந்தால் நம்மைத்தானே கேவலமாக நினைப்பார்கள் என்றார் பேச்சிக்கா.

"தொர என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"கூரை?"

பேச்சிக்கா வெளியே பார்த்தார். ஒரு தொழிற்சாலை பஸ் எங்களைக் கடந்து போனது. நாங்கள் அந்த லயத்தை விட்டு வருகிற வரைக்கும் ஒழுகியது என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். அது ஹார்ன் அடித்து, எங்கள் இரண்டு பேரையும் பயமுறுத்தியது.

"வாளிய இந்தத் தடவ ஒளிக்காதீங்கக்கா" என்றேன். அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

புதன்கிழமை வந்தது. கூடம் வழக்கம்போல நிறைந்து வழிந்தது. தரை கழுவவில்லை, தொட்டி வரவில்லை. வடை மட்டும் வந்தது. அதை நிறுத்த யாராலும் முடியாது. புவான் ரொஹானி கண்ணாடிக் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், ஏனென்றால் உள்ளே கால் வைக்க இடமில்லை. கூட வந்த படம் எடுக்கிறவன் ஒரு பிள்ளைத் தள்ளுவண்டிக்கும் ஒரு கர்ப்பிணியின் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டான். நான்தான் வழி பண்ணி அவர்களைத் தாய் சேய் அறைக்குக் கூட்டிப் போனேன். பேச்சிக்கா எடைத்தட்டில் ஒரு பிள்ளையை வைத்துப் பிடித்திருந்தார். மிஸி, ஒரு படம் என்றான் படக்காரன். கொஞ்சம் இருங்கள் என்றார். பிள்ளையைத் தாயிடம் கொடுத்தார். அடுத்த பிள்ளையை எடுக்கத் திரும்பியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

புவான் ரொஹானி பக்கத்தில் போனார். போன தடவை கேட்டதையே கேட்டார், முடிகிறதா என்று. பேச்சிக்காவின் வாயில் அந்தப் 'போலே' வந்து நிற்பதை நான் பார்த்தேன். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்.

"தாக் லாராட், புவான்."

முடியவில்லை, அம்மா. உடம்பில் தெம்பே இல்லை என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதில்லை. சொன்ன கையோடு அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த தாயைக் கூப்பிட்டார். அந்தத் தாய் எழுந்து வரவில்லை. நீங்கள் முதலில் உட்காருங்கள் மிஸி என்றாள்.

புவான் ரொஹானி கேடயத்தை ஜன்னலோரம் வைத்தார். படக்காரனை வெளியே அனுப்பினார். போன தடவை இவர்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டார். பேச்சிக்கா ஒளிக்காமல் சொன்னார். என்னவோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி சொன்னார். புவான் ரொஹானி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தன் கையில் இருந்த ஆட்கள் மிகக் குறைவு, கேட்கும் கிளினிக்குகள் மிக அதிகம், காலிக் கூடத்தைப் பார்த்ததும் தனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதனால் மேலே எதுவும் கேட்கவில்லை என்றார். அதிகாரி ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் மரியாதை வந்தது, கோபம் போகவில்லை. கூட்டம் முடியும் வரை அவர் ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்களுக்கு ஆள் கிடைத்தது. உடனே இல்லை. அரசாங்கத்தில் உடனே என்று ஒன்று உண்டா? தீபாவளி போய், பள்ளி விடுமுறை போய், ஒரு திங்கட்கிழமை லோஷினி என்ற மிஸி புதன்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறாள் என்று டாக்டர் சொன்னார். தங்காக்கில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள், படித்து முடித்துப் புதிதாக வருகிறவள். நான் பிள்ளையாருக்கு உடைக்க வேண்டிய தேங்காயை அன்றைக்கே உடைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கூடம் காலி. பெஞ்சுகள் பளபளவென்று இருந்தன. ஜைத்தோனின் பூந்தொட்டி வந்திருந்தது. ஜைத்தோன் என் முகத்தைப் பார்த்ததும், என்னைக் கேட்காதே என்று கையை உயர்த்தினாள். இந்தத் தடவை பேச்சிக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. புதுப் பெண், முதல் நாளே அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் மிரண்டு நேராக சிங்கப்பூருக்கு ஓடிவிடுவாளாம். ஒரு நாளாவது கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும், எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். இவரை என்ன செய்வது? சொல்லுங்கள், என்னதான் செய்வது?

லோஷினி வந்தாள். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி. பேச்சிக்கா அவளுக்கு வடை கொடுத்தார், அறையைக் காட்டினார், ஷாமளாவின் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார். அவள் காலிக் கூடத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், சந்தேகத்தோடு கேட்டாள்.

"அக்கா, இங்க ரெண்டு பேருக்கு வேல இருக்கா?"

இந்தப் பெண் இதைப் போய் எங்கேயாவது சொன்னால், இருக்கிற ஆளும் போய்விடும். பேச்சிக்காவுக்கும் அது அந்த நொடியில்தான் உறைத்தது. முகம் விழுந்துவிட்டது.

"நாளைக்கு வந்து கேளும்மா" என்றார்.

மறுநாள் கூட்டம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போனது. லோஷினி ஓடவில்லை. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்க வழுக்க ஏற்றிக்கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டு, அடுத்த பிள்ளையை வாங்கினாள். ரப்பர் பந்து கைக்குக் கை மாறியது. சில்லறைச் சண்டை இரண்டு வந்தது, நான் போய் மூன்றாவதை உண்டாக்கினேன். முற்பகல் இருக்கும். ஒரு தாய் அறைக்குள்ளே விட்டுப்போன பிள்ளையின் துணிப் பையை எடுக்கக் கதவைத் திறந்தேன்.

பேச்சிக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேனில் நான் எப்போதும் நீட்டுகிற அந்தப் போத்தல்தான். அண்ணாந்து, அவசரமில்லாமல், பாதிக்கு மேல் குடித்தார். மூடியைத் திருகி மேசையில் வைத்தார். வெளியே அத்தனை தலைகளும், அழுகையும் அப்படியேதான் இருந்தன. எழுந்து யூனிபோர்மை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"லோஷினி, கொஞ்சம் பாத்துக்கம்மா. நான் டாய்லெட் போயிட்டு வந்துர்றேன்."

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் லோஷினி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான் பேச்சு. பேச்சிக்கா என்னைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, ஓடாமல் நடந்து போனார். எல்லாத் தலைகளும் திரும்பின, ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மனுஷி கழிவறைக்குப் போவதற்கு இத்தனை அதிகாரிகள், ஒரு கோர்ஸ், ஒரு கேடயம், ஒரு வருஷம் ஆக வேண்டுமா என்ற ஆத்திரத்தில்தான் கலங்கியது. அந்தத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.